ஸ்கிபோலில் ஒன்பது மணி நேரம்: அம்மாவை அழைத்துக்கொண்டு வெளியே போகலாமா?

கேள்வி இதுதான். அக்டோபர் நடுவில் நீங்களும் 68 வயது அம்மாவும் கிழக்கிலிருந்து இரவு விமானத்தில் வந்து, காலை 6.20-க்கு ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் இறங்குகிறீர்கள். ரோமுக்குப் போகும் அடுத்த விமானம் பிற்பகல் 3.35-க்கு. இரண்டும் ஒரே டிக்கெட். ஷெங்கன் விசா கொடுத்தது இத்தாலி. அம்மா சமதரையில் நடப்பார், படி ஏறினால் முழங்கால் வலிக்கும். இந்த ஒன்பது மணி நேரத்தில் வெளியே போய் வரலாமா, இல்லை உள்ளேயே இருந்துவிடுவது நல்லதா?

போய் வாருங்கள். ஆனால் ஆம்ஸ்டர்டாமுக்கு வேண்டாம், லெய்டனுக்குப் போங்கள். அந்த ஊர் ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்களுக்குப் பயமாக இருக்கும் இமிக்ரேஷன் விஷயத்தை முடித்துவிடலாம்.

வெளியே போக வேண்டும் என்றால் தனியாக அனுமதி வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நெதர்லாந்து, இத்தாலி இரண்டும் ஷெங்கன் நாடுகள், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை வைத்துக்கொள்ளாத ஐரோப்பிய நாடுகள். இப்போது 29 நாடுகள் இருக்கும் இந்தப் பகுதிக்குள் முதலில் எந்த விமான நிலையத்தில் கால் வைக்கிறோமோ அங்கேதான் பாஸ்போர்ட் சோதனை. ஆகவே நீங்கள் வெளியே போனாலும் போகாவிட்டாலும், ரோம் விமானத்தைப் பிடிக்க ஸ்கிபோலில் அந்த கவுன்ட்டரைக் கடந்தே தீர வேண்டும். கடந்த பிறகு ரோமில் இறங்கும்போது, வழக்கமாக, உள்நாட்டு விமானத்தில் வந்தவர்போல நேராகப் பெட்டி எடுக்கப் போய்விடலாம். வெளியே போனால் திரும்பி வரும்போது ஒரு பாதுகாப்புச் சோதனை இருக்கும், அவ்வளவுதான். நிறைய பேர் இதைப் புரிந்துகொள்ளாமல், ஏதோ தவறு செய்கிறோமோ என்ற பயத்தில் ஒன்பது மணி நேரத்தையும் நாற்காலியில் கழித்துவிடுகிறார்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

உங்கள் அடுத்த விமானம் லண்டனுக்கோ டப்ளினுக்கோ போவதாக இருந்தால் நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனுக்கு வெளியே. ஒரே ஒரு முறை நுழைய மட்டும் அனுமதிக்கும் விசா வைத்துக்கொண்டு, லண்டன் போகும் வழியில் ஆம்ஸ்டர்டாமை எட்டிப் பார்த்தால் அந்த ஒரு நுழைவு அங்கேயே தீர்ந்துபோகும். பிறகு லண்டனிலிருந்து பாரிஸ் போகத் திட்டமிட்டிருந்தால் அது நடக்காது. இதைப் படிக்கும் மற்றவர்கள் தங்கள் விசாவில் நுழைவுகளின் எண்ணிக்கை என்று என்ன போட்டிருக்கிறது என்பதை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: ஷெங்கன் நாடு ஒன்றில், விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் விமானம் மாறி வேறு பகுதிக்குப் போவதற்கும்கூட டிரான்சிட் விசா தேவைப்படும் நாடுகளின் பொதுப் பட்டியலில் இலங்கை இருக்கிறது. செல்லுபடியாகும் ஷெங்கன் விசா கையில் இருந்தால் அந்தக் கவலை இல்லை.

இத்தாலி கொடுத்த விசாவோடு நெதர்லாந்தில் நுழையலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நுழையலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும், முதலில் இறங்குவது எந்த நாட்டிலும் இருக்கலாம். கவுன்ட்டரில் இருப்பவர் "எங்கே போகிறீர்கள், எத்தனை நாள்?" என்று கேட்பார். ரோம் விமானத்தின் போர்டிங் பாஸ், ஹோட்டல் முன்பதிவு, திரும்பும் டிக்கெட், 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடு ஆகிய நான்கையும் காகிதத்தில் எடுத்து கைப்பையின் வெளி உறையில் வையுங்கள். போனில் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், இரவு முழுக்கப் படம் பார்த்து சார்ஜ் தீர்ந்திருக்கும். விசா தொடங்கும் தேதி நீங்கள் ஸ்கிபோலில் இறங்கும் நாளாகவோ அதற்கு முந்தையதாகவோ இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ரோமில் தங்கப்போவது மறுநாளிலிருந்துதானே என்று அங்கே கணக்குச் சொல்ல முடியாது. இறங்கும் நாள்தான் முதல் நாள்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாகக் கணினிப் பதிவு முறையைப் படிப்படியாகக் கொண்டு வந்தார்கள். முகத்தைப் படம் எடுப்பார்கள், விசாவுக்குக் கொடுத்த விரல்ரேகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு இதில் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிடிக்கும். அதிகாலையில் பல கண்டங்களிலிருந்து பெரிய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கும் நேரம் வேறு. அதனால் 6.20-க்கு இறங்கினால் 7.45-க்குத்தான் வெளியே வருவோம் என்று கணக்கு வையுங்கள். முன்னால் வந்துவிட்டால் லாபம்.

அம்மாவுக்கு வீல்சேர் உதவியை இன்றே கேட்டு வையுங்கள். நடப்பாரே, எதற்கு என்று நினைக்காதீர்கள். ஸ்கிபோல் முழுவதும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் கட்டடம். அதில் ஒரு வசதி, டெர்மினல் மாறப் பேருந்து ஏற வேண்டியதில்லை. சிரமம் என்னவென்றால், விமானம் நிற்கும் முனையிலிருந்து பாஸ்போர்ட் கவுன்ட்டர் வரை கால் மணி நேரம்கூட நடக்க வேண்டி வரும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி இந்த உதவி இலவசம், 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லியிருக்க வேண்டும். அம்மாவின் முழங்காலில் இருக்கும் தெம்பை விமான நிலையத் தாழ்வாரத்தில் செலவழிக்காமல் ஊருக்குள் நடக்க வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி விஷயம் சுலபம். ஒரே டிக்கெட் என்பதால் பெரிய பெட்டிகள் நேராக ரோமுக்குப் போய்விடும். புறப்படும் இடத்தில் பெட்டியில் ஒட்டும் பட்டையில் எஃப்.சி.ஓ. என்ற மூன்று எழுத்து இருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். அது ரோம் ஃபியுமிசினோவின் குறியீடு. ஏ.எம்.எஸ். என்று மட்டும் இருந்தால் பெட்டி ஆம்ஸ்டர்டாமோடு நின்றுவிடும், அங்கேயே கேட்டு மாற்றச் சொல்லுங்கள். ரோம் விமானத்தின் போர்டிங் பாஸையும் அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கும் பைக்கு மட்டும் ஒரு இடம் வேண்டும். ஸ்கிபோலில் பயணிகள் வெளிவரும் 1, 2 அரங்குகளுக்கு இடையே கீழ்த்தளத்தில் லாக்கர்கள் இருக்கின்றன. மருந்து, பாஸ்போர்ட், பணம், ஒரு பாட்டில் தண்ணீர் ஆகியவற்றைத் தோள்பையில் எடுத்துக்கொண்டு மற்றதை அங்கே பூட்டிவிடுங்கள். இன்னொரு விஷயம்: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியோ பால் சேர்ந்த பொருட்களோ பயணிகள் கொண்டுவரக் கூடாது. கைப்பைக்கான சுங்கச் சோதனை முதலில் இறங்கும் இடத்திலேயே நடக்கும். ரோமில் பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் உள்ளே வைக்காதீர்கள்.

இப்போது லெய்டன்.

ஸ்கிபோலின் ரயில் நிலையம் விமான நிலையக் கட்டடத்துக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல் ஒரு பக்கம், லெய்டன் எதிர்ப்பக்கம். இரண்டுக்கும் பயண நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், கால் மணி முதல் இருபது நிமிடம். நேரம் ஒன்றாக இருக்கும்போது தேர்ந்தெடுக்க வேண்டியது இறங்கிய பிறகு கிடைக்கும் ஊரை. ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரலில் இறங்கினால் கண் எதிரே டிராம், சைக்கிள், கூட்டம். அங்கே சைக்கிள் பாதைகள் சிவப்பு நிறத் தார் போட்டு நடைபாதையை ஒட்டியே ஓடும். இரவு தூங்காத ஒருவர் தெரியாமல் அதில் கால் வைத்தால் ஆபத்து. அந்த ஊர் அழகுதான், அதன் 17-ஆம் நூற்றாண்டுக் கால்வாய் வளையம் 2010-இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். ஆனால் அதற்கு ஒரு முழு நாள் கொடுக்க வேண்டும், தெளிந்த தலையும் வேண்டும். நாட்குறிப்பு எழுதிய ஆன் ஃபிராங்கின் வீடு போன்ற இடங்களுக்கு முன்கூட்டியே நேரம் குறித்த டிக்கெட் வாங்க வேண்டும், உங்கள் விமானமோ தாமதமாக வரலாம். நேரம் குறித்த டிக்கெட்டும் விமானம் மாறும் பயணமும் ஒத்துவராது. ஒரு முறை விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமாகி, குறித்த நேரம் கடந்துபோய், வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

லெய்டனில் அந்த அவசரம் இல்லை. ரயிலடியிலிருந்து ஐந்தாறு நிமிடத்தில் டி வால்க் என்ற உயரமான காற்றாலை, 1743-இல் கட்டியது. இன்னும் பத்து நிமிடம் நடந்தால் ராபன்பர்க் கால்வாய். இருபுறமும் மரங்கள், பழைய செங்கல் வீடுகள், நடுவே வளைந்த சிறு பாலங்கள். தரை முழுக்கச் சமதளம். ஓவியர் ரெம்ப்ராண்ட் 1606-இல் பிறந்தது இந்த ஊரில்தான். 1574-இல் ஸ்பானியப் படை ஊரை முற்றுகையிட்டிருந்தபோது, டச்சுக் கிளர்ச்சிப் படையினர் கரைகளை உடைத்து வயல்களில் வெள்ளத்தைப் பாயவிட்டு, அந்த வெள்ளத்தின் மேல் படகில் வந்து மீட்டார்கள். அந்த அக்டோபர் 3-ஆம் தேதியை இன்றும் ஊரே விழாவாகக் கொண்டாடுகிறது. நீங்கள் போவது மாத நடுவில் என்பதால் சிக்கல் இல்லை. அந்த ஒரு நாளில் மட்டும் அம்மாவை அழைத்துப் போயிருக்க வேண்டாம் என்பேன், அவ்வளவு கூட்டம்.

முற்றுகை முடிந்த மறு ஆண்டு, 1575-இல், இங்கே பல்கலைக்கழகம் தொடங்கியது. லெய்டன் என்ற பெயரை நீங்கள் எங்கேயோ கேட்டதுபோல இருந்தால் அது இந்தப் பல்கலைக்கழகத்தால்தான். இராசராச சோழன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயைக் கொடுத்ததைச் சொல்லும் ஆனைமங்கலச் செப்பேடுகள் நெடுங்காலம் இந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்ததால்தான் அவற்றுக்கு லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் வந்தது. பெரிய தொகுதியில் மட்டும் 21 ஏடுகள், சோழ முத்திரை பதித்த வளையத்தில் கோத்தவை. போனவுடன் கண்ணாடிப் பெட்டியில் பார்க்கலாம் என்று எண்ணிப் போகாதீர்கள். ஆனாலும் பாடப்புத்தகத்தில் படித்த பெயரை ரயில் நிலையப் பலகையில் பார்க்கும்போது எனக்கு ஒரு சிலிர்ப்பு வந்தது. அம்மாவிடம் ரயிலில் போகும்போதே இந்தக் கதையைச் சொல்லி வையுங்கள்.

ரயிலில் போகும்போது ஜன்னலைப் பார்க்கவும் சொல்லுங்கள். ஸ்கிபோல் இருக்கும் நிலம் முன்பு ஹார்லெம் ஏரி. மூன்று நீராவி பம்ப் நிலையங்களை வைத்து இறைத்து 1852-இல் அதை வற்றவைத்தார்கள். ஓடுபாதை இருப்பது கடல் மட்டத்துக்கு மூன்று நான்கு மீட்டர் கீழே. பழைய ஏரியைச் சுற்றி வெட்டிய கால்வாயில் தண்ணீர் வயலைவிட உயரத்தில் நிற்கும். படகு போனால் வயலில் நிற்பவரின் தலைக்கு மேலே போவதுபோலத் தெரியும்.

அக்டோபர் நடுவில் அங்கே சூரியன் உதிக்கக் காலை எட்டு மணிக்கு மேல் ஆகிவிடும். இருட்டில் ஓடிப்போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை. 7.45-க்கு வெளியே வந்தால் விமான நிலையத்திலேயே முகம் கழுவி, பல் துலக்கி, சூடாக ஏதாவது குடித்துவிட்டு 8.30 வாக்கில் ரயில் ஏறுங்கள். டிக்கெட் எடுக்க வரிசையில் நிற்க வேண்டாம். நெதர்லாந்து முழுக்க ரயில், பேருந்து, டிராம் எல்லாவற்றிலும் வங்கிக் கார்டையே கருவியில் காட்டி ஏறலாம். ஏறும்போது ஒரு முறை, இறங்கி வெளியே போகும்போது ஒரு முறை. ஒரு கார்டில் ஒருவர்தான் போக முடியும் என்பதால் அம்மாவுக்குத் தனிக் கார்டு வேண்டும். ஒரே கார்டை இரண்டு முறை காட்டினால் அது உங்களை உள்ளே அனுப்பி உடனே வெளியேற்றியதாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். ஸ்கிபோலில் கதவு இல்லாமல் கம்பத்தில் கருவியைப் பொருத்தியிருப்பார்கள், மறந்து கடந்துவிடுவது ரொம்பச் சுலபம். இறங்கும்போது காட்ட மறந்தால் பணம் கூடுதலாகப் பிடிப்பார்கள். அம்மாவின் கார்டைப் பையில் போடாமல் அவர் கையிலேயே கொடுத்து வையுங்கள்.

லெய்டனில் ஒன்பது மணிக்கு நடக்க ஆரம்பித்தால் புதன், சனிக்கிழமைகளில் கால்வாய் ஓரச் சந்தை இருக்கும். பத்து மணிக்கு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று, ராபன்பர்க்கில் இருக்கும் தொல்பொருள் அருங்காட்சியகம். அதன் நுழைவுக் கூடத்திலேயே ஒரு முழு எகிப்தியக் கோயில் நிற்கிறது. அஸ்வான் உயர் அணையின் நீரில் மூழ்கவிருந்த தாஃபே கோயில் அது. தெற்கு எகிப்தின் நூபியப் பகுதிச் சின்னங்களைக் காப்பாற்ற உதவியதற்காக எகிப்து நெதர்லாந்துக்குக் கொடுத்த பரிசு. கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே எழுப்பினார்கள். திங்கட்கிழமை என்றால் அருங்காட்சியகம் திறந்திருக்குமா என்று பார்த்துவிட்டுப் போங்கள். இரண்டாவது, 1590-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. குளூசியஸ் என்ற தாவரவியலாளர் 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் டூலிப் கிழங்குகளை நட்டு வளர்த்த இடம். அக்டோபரில் டூலிப் பூக்காது, அதை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் வெப்பமண்டலச் செடிகளை வளர்க்கும் கண்ணாடிக் கூடம் இருக்கிறது. வெளியே குளிர் அடிக்கும்போது உள்ளே நுழைந்தால் முழங்காலுக்கு இதமாக இருக்கும். இரண்டையும் பார்க்க முயல வேண்டாம். நான் அம்மாவோடு போனால் பூங்காதான். ஊர் நடுவே மேட்டின் மேல் ஒரு பழைய வட்டக் கோட்டை உண்டு, அழகான இடம், ஆனால் படிகள். விட்டுவிடுங்கள்.

ஒன்றே போதும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் அப்பாவை இதேபோல ஒரு காலையில் லெய்டனுக்கு அழைத்துப் போனேன். பத்தரை மணி வரை என்னைவிட வேகமாக நடந்தார். ஒவ்வொரு பாலத்திலும் நின்று கீழே எட்டிப் பார்த்தார். பிறகு ராபன்பர்க் ஓரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். கையில் காகிதக் கப்பில் பாதிக் காபி. ஒரு படகு போயிற்று. அதைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தவர் சொல்லாமலே கண் மூடிவிட்டார். விரல்கள் கப்பைப் பிடித்தபடியே இருக்க, கப் மட்டும் மெல்லச் சாய்ந்தது. காபி அவர் ஷூவின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது, அவருக்குத் தெரியவில்லை. மணி 11.10. நான் கப்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கழுத்துத் துண்டைச் சரிசெய்து, இருபது நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பயணக் களைப்பு இறங்கியவுடன் தெரியாது. புது ஊரைப் பார்க்கும் உற்சாகம் முதல் மூன்று நான்கு மணி நேரம் அதை மூடி வைத்திருக்கும், பிறகு ஒரே அடியாகத் தாக்கும். அந்த நேரத்தில் நீங்கள் இன்னொரு இடத்துக்கு அவரை இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது. உட்கார ஓர் இடம் கையில் இருக்க வேண்டும்.

ஆகவே 11 மணிக்கு எங்காவது உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக ஒரு மணி நேரப் படகுச் சவாரி போனாலும் நல்லது, அம்மா உட்கார்ந்தபடியே ஊரைப் பார்ப்பார், தூங்கினாலும் பரவாயில்லை. 12.15 ரயிலைப் பிடித்தால் ஒரு மணிக்கு முன்பே ஸ்கிபோலில் இருப்பீர்கள். லாக்கரில் பையை எடுத்து, பாதுகாப்புச் சோதனை முடித்து, 1.45-க்கு உள்ளே. இரண்டு மணி நேரம் மீதி இருக்கிறதே என்று தோன்றும். அந்த இரண்டு மணி நேரத்தைக் குறைத்து இன்னொரு கால்வாயைப் பார்த்துவிட வேண்டாம். ரயில் தாமதம், சோதனை வரிசை, கேட் மாற்றம் மூன்றும் ஒரே நாளில் வந்தாலும் தாங்க வேண்டும். தவறவிட்டால் பழி உங்கள் மேல்தான். முதல் விமானம் தாமதமாகி இணைப்பு தவறினால், ஒரே டிக்கெட் என்பதால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. நீங்கள் ஊர் சுற்றப் போய்த் தவறவிட்டால் அந்தப் பொறுப்பு அவர்களுக்கு இல்லை.

ரோம் போன்ற ஷெங்கன் ஊர்களுக்கான விமானங்கள் பி, சி, டி கேட்களில் நிற்கும். நுழைந்த பின் பாஸ்போர்ட் சோதனை மறுபடி இல்லை. தண்ணீர் பாட்டிலைச் சோதனைக்கு முன் காலி செய்துவிடுங்கள். வழியில் டியூட்டி ஃப்ரீயில் பெர்ஃப்யூம், மது எதுவும் வாங்காதீர்கள். முத்திரையிட்ட பையில் கொடுத்தாலும், அந்த ஏற்பாடு வெளியே வராமல் விமானம் மாறுகிறவர்களுக்கானது. வெளியே போய் மறுபடி உள்ளே வரும்போது பறிபோக வாய்ப்பு உண்டு.

குளிர் உடையைப் பெரிய பெட்டியில் போட்டு ரோமுக்கு அனுப்பிவிடுவதுதான் இந்தப் பயணத்தில் பலர் செய்யும் தவறு. அக்டோபர் காலையில் அங்கே பத்து டிகிரி வாக்கில் இருக்கும், மழையும் காற்றும் சேர்ந்து வரும். குடை அந்தக் காற்றில் மடங்கிவிடும். தலையை மூடும் தொப்பியோடு கூடிய மழைக்கோட்டு, ஒரு ஸ்வெட்டர், மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். பல கடைகளில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், கார்டு மட்டும்தான். ரயில் நிலையக் கழிப்பறைக்கும் கட்டணம் உண்டு. விமான நிலையத்தில் இலவசம், கிளம்பும் முன் அங்கேயே போய்விடுவது நல்லது.

எப்போது போகக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் கவுன்ட்டரைக் கடந்து வெளியே வந்து நிற்கும்போது மணி 9.30-ஐத் தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள். அம்மாவுக்கு இரவு தலைசுற்றலோ வாந்தியோ இருந்தாலும், கால் வழக்கத்தைவிட வீங்கியிருந்தாலும் விட்டுவிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் இருந்தால் அது ஓய்வெடுத்துச் சரிசெய்யும் விஷயம் அல்ல. விமான நிலைய மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் காலின் ரத்த நாளத்தில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. நல்ல ஆரோக்கியம் உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு மிகச் சிறியதுதான், சுமார் 6,000 பேரில் ஒருவர். என்றாலும் 68 வயதில், ஒரு நீண்ட இரவு உட்கார்ந்து வந்த பிறகு, இன்னொரு விமானம் ஏறுவதற்கு முன் மூன்று மணி நேரம் நிதானமாக நடப்பது உடம்புக்கு நல்லது. நான் வெளியே போகச் சொல்வதற்கு லெய்டனைவிட இதுதான் பெரிய காரணம்.

உள்ளேயே இருக்க முடிவு செய்தால் ஒரு வரிசை முக்கியம். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சிறு அறைகள் கொண்ட யோட்டெல் லவுஞ்ச் 2-இலும், மெர்க்யூர் ஹோட்டல் லவுஞ்ச் 3-இலும் இருக்கின்றன. இரண்டும் பாஸ்போர்ட் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம், ஷெங்கனுக்குள் நுழையாத பகுதியில். 2010-இல் திறந்த விமான நிலைய நூலகமும் இதே பக்கம்தான். மற்றவர்களோடு சேர்ந்து அவசரமாக கவுன்ட்டரைக் கடந்துவிட்டால் இவற்றுக்குத் திரும்பி வர முடியாது. ஆகவே இறங்கியவுடன், நடக்கும் கூட்டத்தோடு நடக்காமல், ஓரமாக ஐந்து நிமிடம் உட்காருங்கள். அம்மாவின் முகத்தைப் பாருங்கள், கேளுங்கள். தூக்கம் வேண்டும் என்றால் மஞ்சள் பலகைகளில் டிரான்ஸ்ஃபர் என்ற அம்புக்குறியைப் பிடித்து அறைக்குப் போங்கள், அறையை முன்கூட்டியே பதிவு செய்திருந்தால் நல்லது. தெம்பாக இருக்கிறார் என்றால் வெளியேறும் அம்புக்குறி.

ரோமில் மாலை ஆறு மணி வாக்கில் இறங்குவீர்கள். விமானத்தில் அம்மா தூங்கினால் தூங்கட்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் இல்லையே. ஹோட்டலுக்குப் போன பிறகு மட்டும் கட்டிலில் சாயவிடாதீர்கள். கிழக்கிலிருந்து மேற்கே வந்தவர்கள் ஏழு மணிக்கே தூங்கிவிட்டால் இரவு இரண்டு மணிக்கு விழித்து உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பது மணி வரை பேச்சுக் கொடுங்கள், தெரு முனை வரை கூட்டிப் போய் வாருங்கள்.